கொறங்காட்டுப் புல்: பராமரிப்பும் எருவிடுதலும்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் முதலிய பகுதிகளில், கிளுவை வேலி சூழ்ந்து, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்க, தரையெங்கும் கொழுக்கட்டைப் புல் தூர்கட்டி வளர்ந்திருக்கும் மானாவாரி நிலத்தைக் கொறங்காடு என்று சொல்லுகிறார்கள். இப்பகுதிகளில் வருஷ மழை சுமார் 600 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் எட்டாத இந்த நிலங்களில், வருஷந்தோறும் உழுது விதைக்கும் செலவில்லாமல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி கிடைக்கும்படி முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. உழைப்புக்கும் ஓட்டத்துக்கும் பெயர்பெற்ற காங்கேயம் மாட்டினம் இந்தப் புல்லில் வளர்ந்ததே. 1936ஆம் வருஷம் சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளியான லிட்டில்வுட் துரையின் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றிய நூலிலும் இவ்வினம் தனியே விவரிக்கப்பட்டிருக்கிறது.

தோட்டத்துக்கு எரு, சோளக்காட்டுக்கு எரு, தென்னைக்கு எரு என்று கணக்குப் பார்த்து வைக்கும் குடியானவர், கொறங்காட்டுக்கு மட்டும் ஒரு கூடை எருவும் வைப்பது அரிது. "அது தானாக முளைக்கிற புல்தானே" என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தால்தான் பல காடுகள் வரவர இளைத்து, புல் போன இடத்தில் முள்ளும் கட்டாந்தரையும் மிஞ்சுகின்றன. புல்லும் ஒரு பயிர். அதற்கு வேண்டியவை இரண்டே: தக்க சமயத்தில் ஓய்வு, எடுத்த சத்தைத் திருப்பிக் கொடுத்தல். இவ்விரண்டையும் செய்யும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

கொறங்காடு இளைப்பது எவ்வாறு

மேய்கிற மாடு தான் தின்ற புல்லிலுள்ள தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் முழுவதும் தன் உடம்பில் வைத்துக்கொள்ளுவதில்லை. அவற்றில் பெரும்பகுதி சாணமாகவும் கோமியமாகவும் வெளியே வந்துவிடுகிறது. இரவும் பகலும் மாடு காட்டிலேயே இருக்குமானால் அந்தச் சத்து அங்கேயே விழுந்து, புல்லுக்கே திரும்பச் சேரும்.

ஆனால் வழக்கம் அப்படியில்லை. பகலில் காட்டில் மேய்ந்த மாடு, மாலையில் தொழுவத்துக்கு வருகிறது. ஆடு வீட்டுப் பட்டிக்கு வருகிறது. இரவில் விழுந்த சாணமும் புழுக்கையும் குப்பைக்குழிக்குப் போகின்றன. குழியிலிருந்து எடுத்த எரு வண்டியேறித் தோட்டத்துக்குப் போகிறது, அல்லது விலைக்குப் போகிறது. இப்படி ஒவ்வொரு நாளும் கொறங்காட்டின் சத்தில் ஒரு பங்கு வெளியே போகிறதே தவிர, உள்ளே வருவது ஒன்றுமில்லை. வரவில்லாமல் செலவு மாத்திரம் எழுதிவரும் கணக்கு எந்தச் சங்கத்தையும் நெடுநாள் தாங்காது. நிலத்தின் கணக்கும் அதுவே.

இதற்கு மேல் இன்னொரு கேடும் உண்டு. முதல் மழை விழுந்து நான்கைந்து நாளில் புல் பச்சை காட்டும்போதே கதவைத் திறந்து மாட்டை விட்டுவிடுகிறார்கள். கோடையெல்லாம் காய்ந்து நின்ற தூர், தன் அடிப்பகுதியிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்தே முதல் இலையை விடுகிறது. அந்த இலை வளர்ந்து வெய்யிலில் வேலை செய்தால்தான் செலவழிந்த சத்து மீண்டும் வேருக்குச் சேரும். இரண்டு விரற்கடை வளருமுன் மாடு அதைக் கடித்துவிட்டால், தூர் மறுபடியும் கையிருப்பிலிருந்தே எடுத்து இலைவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி நேர்ந்தால் கையிருப்பு தீர்ந்து தூர் செத்துப்போகிறது. "மழை பெய்தும் புல் வரவில்லை" என்று சொல்லப்படும் காடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுவே.

ஓய்வு கொடுக்கும் முறை

பருவ மழை தொடங்கியவுடன் காட்டுக் கதவை அடைத்துவிட வேண்டும். புல் ஒரு முழ உயரம் வந்த பிறகே மாட்டை விடலாம். மேய்ந்து மேய்ந்து நான்கு அங்குல உயரத்துக்கு வந்ததும் மாட்டை வெளியேற்றி மறுபடியும் அடைக்க வேண்டும். ஒரு முழத்தில் உள்ளே, நான்கு அங்குலத்தில் வெளியே என்பதை விதியாக வைத்துக்கொண்டால் கணக்கும் ஏடும் வேண்டியதில்லை. மாட்டுக்குப் பின் ஆட்டை விடுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆடு தரையோடு ஒட்டிக் கடிக்கும். அதன் வாய்க்கு மிஞ்சுவது குறைவு.

ஒரு குடியானவருக்கு 12 ஏக்கர் கொறங்காடு இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். அதை ஒரே வெளியாக வைத்தால் மாடு எங்கும் சுற்றி, இளம்புல்லைத் தேடித்தேடிக் கடிக்கும். முற்றிய புல்லை மிதித்துப் பாழாக்கும். அதையே நான்கு நான்கு ஏக்கராக மூன்று அடைப்புகளாக்கி ஒன்றன்பின் ஒன்றாக மேய்த்தால், ஒன்றில் மாடு நிற்கும்போது மற்ற இரண்டும் வளர்ந்துகொண்டிருக்கும். மேலும் வருஷத்துக்கு ஓர் அடைப்பைப் புல் கதிர்விட்டு விதை உதிரும் வரையில் தொடாமல் விட வேண்டும். மூன்று வருஷத்தில் மூன்று அடைப்பும் ஒருமுறை விதை உதிர்த்துப் புதுத் தூர் பிடித்துவிடும். விதை உதிர்ந்தபின் நிற்கும் காய்ந்த புல்லும் வீணல்ல. பனிக்காலம் கழிந்து பச்சை இல்லாத நாட்களில் அதுவே மேய்ச்சல்.

ஒரே அடைப்பு உடையவர், அண்டைக் காட்டுக்காரருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இருவர் கால்நடைகளையும் முறைவைத்து மேய்க்கலாம். தனியாக ஒருவரால் ஆகாதது இருவர் சேர்ந்தால் ஆகும் என்பதைச் சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வேலியும் மரமும்

அடைப்பு என்பது வேலியைப் பொறுத்தது. கிளுவை வேலியில் ஒரு சந்து விழுந்தால் பக்கத்து ஊர் ஆடெல்லாம் உள்ளே வரும். பிறகு ஓய்வு என்பது பேச்சளவே. மழைக்கு முன், கிளுவை இலையற்று நிற்கும் காலத்தில், விரல் பருமனுக்கு மேற்பட்ட போத்துகளை வெட்டிச் சந்துகளில் நெருக்கமாக நட்டு, பக்கத்துக் கிளைகளோடு பின்னிவிட வேண்டும். கம்பிவேலிக்கு ஆகும் செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகாது. கறையானும் துருவும் இதைத் தொடுவதில்லை.

வெள்வேல மரத்தைச் சிலர் புல்லுக்குப் பகை என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். இது தவறு. இதன் நிழல் கனமானதல்ல. அதனடியிலும் புல் வளரும். கோடையில் பச்சை என்பதே இல்லாத நாட்களில் இதன் காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிறது. இது பயறு இனத்து மரம். உதிரும் இலை மண்ணுக்குச் சத்தாகிறது. வயதான மரம் ஒன்றை வெட்டுகிறவர், தானாக முளைத்த கன்றுகளில் இரண்டையாவது முள் கட்டிக் காப்பாற்ற வேண்டும். ஆனால் சீமைக்கருவேலைக் கண்டவுடன் வேரோடு பறிக்க வேண்டும். அது கன்றாக இருக்கையில் ஒரு கடப்பாரை போதும். மரமான பின் இயந்திரம் வேண்டும்.

எரு: முதலில் ஆட்டுப்பட்டி

கொறங்காட்டுக்கு இடக்கூடிய எருக்களில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் ஆட்டுப்பட்டி. புழுக்கையோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குவதால் குப்பைக்குழியில் வெய்யிலாலும் மழையாலும் போகிற சத்து இதில் போவதில்லை. வண்டிக் கூலியும் இல்லை.

பட்டியில் ஆடு ஒன்றுக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும். நூறு ஆடுகள் உள்ள பட்டி ஓர் இரவில் நூறு சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலத்தை எருவிடும். தினந்தோறும் படலைப் பெயர்த்து அடுத்த இடத்தில் போட்டால் ஓர் ஏக்கர் 40 இரவில் முடியும். நான்கு ஏக்கர் அடைப்புக்கு 160 இரவு. மாசி முதல் ஆவணி வரையில் உள்ள நாட்கள் இதற்குத் தாராளமாகப் போதும். வருஷத்துக்கு ஓர் அடைப்பு என்று செய்துவந்தால் மூன்று வருஷத்தில் 12 ஏக்கரும் ஒரு சுற்று எருவிடப்பட்டுவிடும். ஒரே இடத்தில் பட்டியை வாரக்கணக்கில் விட்டுவைப்பதால் அவ்விடத்துப் புல் வெந்துபோகும். மற்ற இடம் பட்டினி கிடக்கும். ஆகையால் படலைத் தினமும் பெயர்ப்பது அவசியம். முதலில் வழுக்கையான இடங்களிலும் மேட்டுப்பாங்கிலும் பட்டியைப் போட வேண்டும். மேட்டில் போட்ட எரு மழையில் சிறிது கரைந்தாலும் பள்ளத்துப் புல்லுக்கே போய்ச் சேரும்.

ஆடில்லாதவர், நன்றாக மக்கிய தொழு எருவை ஏக்கருக்கு இரண்டு டன் வீதம், புரட்டாசி மழைக்கு முன் மெல்லிய பரப்பாக இறைத்துவிடலாம். முழுக்காட்டுக்கும் எரு போதாதென்றால் ஒரு பங்குக்கேனும் போடுவது, ஒன்றுக்கும் போடாமலிருப்பதைவிட மேலானது. குளத்து வண்டல் கிடைக்குமிடத்தில், ஈரம் நில்லாத சரளைத் திட்டுகளில் அதையும் பரப்பலாம்.

எருவிடும் பயறுகள்

புல்லுக்கு முதன்மையாக வேண்டியது தழைச்சத்து. அதைக் காற்றிலிருந்தே பிடித்துக் கொடுக்கும் வேலையாட்கள் பயறு இனத்துச் செடிகள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. நரிப்பயறு பல காடுகளில் தானாகவே முளைக்கிறது. அதை விதை கட்டும்வரை விட்டுவைப்பது ஒன்றே செய்யவேண்டியது. புதிதாகப் புல் விதைக்கிறவர், மூன்று வரிசை கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்று கலந்து விதைப்பது நலம். புல் மட்டும் தின்னும் மாட்டைவிட, புல்லும் மசாலும் கலந்து தின்னும் மாட்டுக்குப் புரதம் அதிகம் கிடைக்கும்; கறவைக்கும் கன்றுக்கும் இது நேரே தெரியும்.

வழுக்கையை மறுபடி விதைத்தல்

ஓய்வும் எருவும் கொடுத்தும் புல் பிடிக்காத இடங்களில் விதைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதையில் அறிந்துகொள்ள வேண்டிய இரகசியம் ஒன்று உண்டு. அன்று உதிர்த்த விதை அன்றே முளைக்காது. அதற்கு உறக்கம் உண்டு. பல மாதங்கள் சேமித்து வைத்த பிறகே நன்றாக முளைக்கும். ஆகையால் தை மாதத்தில் திரட்டிய விதையை ஈரமில்லாத இடத்தில் துணிப்பையில் வைத்திருந்து, புரட்டாசியில் விதைப்பது முறை. இதை அறியாமல் புது விதையை விதைத்து, "விதை பொய்த்துவிட்டது" என்று கைவிட்டவர் உண்டு.

ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை போதும். விதை பஞ்சுபோல் இலேசாக இருப்பதால் காற்றில் பறக்கும். ஈரமணலோடு கலந்தோ, களிமண்ணும் சாணமும் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கியோ தூவலாம். தரையை முள்கட்டையால் அல்லது கொத்தால் மேலாகக் கீறிவிட்டு விதைத்தாற் போதும். ஆழமாக உழுது புதைத்தால் முளை மேலே வராது. விதைத்த அடைப்பில் முதல் வருஷம் புல் கதிர்விட்டு விதை உதிரும் வரையில் ஒரு கன்றையும் விடலாகாது.

இரசாயன உரம் எவ்வளவு

மானாவாரியில் புதிதாகப் புல் விதைக்கும் நிலத்துக்கு வேளாண்மைத் துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல் சத்து 20 கிலோ. இதை ஏக்கர்க் கணக்கில் உரமாகச் சொன்னால், யூரியா சுமார் 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ ஆகும். ஆனால் இது மண்ணைச் சோதிக்காதவருக்குச் சொன்ன அளவு. மண்ணைச் சோதித்தவர் இதில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கக் கூடும்.

மத்திய அரசாங்கம் மண்வள அட்டைத் திட்டத்தை 2015ஆம் வருஷம் தொடங்கியது. அட்டை வாங்கிய பலரும் தோட்டத்து மண்ணையே கொடுத்திருக்கிறார்கள். கொறங்காட்டு மண்ணையும் தனியே கொடுக்க வேண்டும். பயிர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையில் மண் எடுப்பது வழக்கம். புல் நிலத்தில் 5 சென்டிமீட்டர் போதும். அடைப்புக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து அரைக்கிலோ அனுப்ப வேண்டும். மரத்தடி, வேலியோரம், பட்டி போட்ட இடம், மாட்டுத்தடம் ஆகியவற்றில் எடுத்த மண் பொய்க்கணக்கே காட்டும்.

பணம் குறைவாக உள்ளவர் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், பயறு கலந்த காட்டுக்குச் சூப்பர் பாஸ்பேட்டே என்பது விடை. மணிச்சத்து பயறை வளர்க்கும். பயறு தழைச்சத்தைக் கொண்டுவரும். தழைச்சத்து புல்லை வளர்க்கும். யூரியா உடனே பச்சை காட்டும். ஆனால் அந்தப் பச்சை ஒரு மழைக்காலத்தோடு சரி. மேலும் ஈரமில்லாத தரையில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மண் நனைந்து, மேலும் மழை வரும் அறிகுறி உள்ள நாளில் மட்டுமே அதைத் தூவ வேண்டும்.

யூரியாவைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. மாடு அதை நக்கித் தின்றால் விஷமாகி உயிர்போகும். தூவிய காட்டில், நல்ல மழை பெய்து உரம் முழுவதும் கரைந்து மறைந்து, அதன்பின் புல் வளரும் வரையில் கால்நடைகளை விடக்கூடாது. காலிச் சாக்கைத் தொழுவத்தில் போடுவதும், உரம் கரைத்த பாத்திரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் ஆபத்து.

குத்தகைக் காடு

இவ்வளவும் சொந்தக்காரர் தாமே மேய்க்கும் காட்டுக்குப் பொருந்தும். ஆனால் பல கொறங்காடுகள் வருஷக் குத்தகைக்கு விடப்படுகின்றன. ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டியவர், அடுத்த வருஷம் காடு யார் கையில் இருக்குமோ என்ற நிலையில், புல்லை ஒட்ட மேய்க்காமல் விடமாட்டார். அவர்மேல் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கும் ஆடு பசிக்கிறது. குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் குத்தகையை மூன்று வருஷத்துக்கு எழுதுவதே. மூன்று நிபந்தனைகள் அதில் இருக்கவேண்டும்: மழை தொடங்கியபின் புல் ஒரு முழம் வரும்வரை காடு அடைபட்டிருக்கவேண்டும், வருஷத்துக்கு ஒரு பங்கு விதை உதிர விடவேண்டும், குத்தகைதாரர் தம் ஆட்டைக் குறித்த நாட்கள் அந்தக் காட்டிலேயே பட்டி அடைக்கவேண்டும். பட்டி அடைப்பதற்கு ஈடாகச் சொந்தக்காரர் குத்தகைத் தொகையில் ஒரு பங்கு தள்ளிக்கொடுப்பது நியாயம். அவர் பெறுவது எரு. தொழு எருவை விலைகொடுத்து வாங்கி வண்டிக்கூலி கொடுத்துப் பார்த்தால் அந்தத் தள்ளுபடி அதிகமல்ல என்பது விளங்கும். நிலமில்லாத ஆட்டுக்காரருக்கு மூன்று வருஷ மேய்ச்சல் நிச்சயம். இருவருக்கும் இதில் ஆதாயமே.

சங்கம் செய்யக்கூடியவை

ஒருவர் தனித்துச் செய்ய இயலாத சில காரியங்களைச் சங்கம் எளிதில் செய்யலாம். விதை உதிரும் பருவத்தில் அங்கத்தினர்களின் பெண்டுபிள்ளைகள் திரட்டும் கொழுக்கட்டைப் புல் விதையைச் சங்கம் நியாய விலைக்கு வாங்கி, உறக்கம் தெளியும்வரை கிடங்கில் வைத்து, புரட்டாசியில் வேண்டியவர்களுக்கு விற்கலாம். ஊரார் மண் மாதிரிகளை ஒருங்கே சேர்த்து ஒரே நாளில் சோதனைக்கு அனுப்பலாம். ஆட்டுக்காரர் பெயரும் காட்டுக்காரர் பெயரும் எழுதிய ஒரு புத்தகம் வைத்து, யார் பட்டி எந்தக் காட்டில் எத்தனை இரவு என்று முறை ஏற்படுத்தலாம். அறுவடைக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் சோளத்தட்டை வாங்கிப் போர்போட்டு வைத்து, பஞ்ச மாதங்களில் அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாம். வறட்சியில் மாட்டை வெறுங்காட்டில் விட்டுத் தூரையும் தின்னவிடுவதைவிட, தொழுவத்தில் கட்டித் தட்டுப் போடுவதே காட்டையும் மாட்டையும் காக்கும் வழி.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிசான் கடன் அட்டை வசதி 2018-19ஆம் வருஷத்தில் கால்நடை வளர்ப்போரின் நடைமுறைச் செலவுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தீனிக்கும் வைத்தியத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் புல் விதைத்த முதல் வருஷத்தில் வருமானம் இராது என்பதை மனத்தில் வைத்துத் தவணை கேட்கவேண்டும். கடன் வாங்கி உரம் போடுவதற்கு முன், கடனில்லாத உரமாகிய ஆட்டுப்பட்டியை முயன்று பார்க்கவேண்டும்.

மாட்டை நல்ல விலைக்கு விற்கும் நோக்கத்தோடு கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிச் செல்லுவது ஒன்று. தீனியில்லாமல் பஞ்சத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது வேறொன்று. எந்த வகையில் மாடு வீட்டைவிட்டுப் போகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த வருஷத்து மழையைப்போலவே, முந்திய மூன்று வருஷங்களில் கொறங்காடு நடத்தப்பட்ட முறை. ஆகையால் வருகிற புரட்டாசிக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் ஒரு நான்கு ஏக்கர் அடைப்பையாவது தேர்ந்தெடுத்து, வேலிச்சந்தை அடைத்து, பட்டி போட்டு, மழையில் கதவை மூடிவைத்துப் பார்க்கவேண்டும். அடுத்த தை மாதத்தில் வேலிக்கு உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பார்த்த அங்கத்தினர்களுக்கு வேறு விளக்கம் தேவையிராது.